சகலையின் டிரம்பெட்

பெரியவரின் கை சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அது சும்மா இருக்கிற கையா? பஸ் டிப்போவின் டயர் பிரிவில் இருபத்தாறு வருஷமாக டயரைத் தட்டித் தட்டியே காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கை. வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. கதவைத் தட்டும், தண்ணீர்த் தொட்டியைத் தட்டும், காஸ் சிலிண்டரைத் தட்டி இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லும். டிப்போவின் பேண்டில் வாசிக்க உட்கார்ந்தால், கார்னெட்டில் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகிவிட்டு உள்ளங்கையால் அதன் தலையில் ஒரு தட்டு. 'டொக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அவருக்கு வாசிக்கவே மனசு வரும். "தட்டாதய்யா, ஒருநாள் இல்ல ஒருநாள் மாட்டிக்கும்" என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து போனார்.

அந்த ஒருநாள் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு வந்து சேர்ந்தது. தட்டியதுதான் தட்டினார், தன் கார்னெட்டையாவது தட்டியிருக்கலாம். தட்டியது சகலையின் புது டிரம்பெட்டை.

பெரியவர் என்றதும் கிழவர் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தெட்டு வயதுதான். அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாளடைவில் மாப்பிள்ளை உதிர்ந்து போய், பெரியவர், சின்னவர் என்பது மட்டும் மிஞ்சியது. சின்னவர் அதே டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் பேண்டில் சேர்த்துவிட்டதே பெரியவர்தான். மைத்துனி கேட்டாள், சரி என்றார். பிற்பாடு அந்தச் சரியை நினைத்து அவர் பல தடவை நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டு.

காரணம் இருக்கிறது. ஞாயிறு தோறும் சாயங்காலம் பூங்காவில் பேண்ட் வாசிக்கும். பதினாறு பேரும் உட்கார்ந்தபடி வாசிப்பார்கள். நடுவில் ஓரிடத்தில் மற்றவர்கள் எல்லாம் அடங்கிவிட, முதல் வாத்தியக்காரர் மட்டும் எழுந்து நின்று தனியாக வாசிப்பார். பெரியவர் பத்தொன்பது வருஷமாக இரண்டாவது. அதாவது பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நிற்பதை உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தவர். போன மாதம் அந்த முதலாமவர் ஓய்வு பெற்று, தன் வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இனி நம் முறைதான் என்று பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டபோது, "ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வாங்க, கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்றார் பேண்ட் மாஸ்டர். ரெண்டு பேர் என்றால் பெரியவரும் சின்னவரும். பேண்டில் மேல் ஸ்வரம் வாசிக்க மிச்சம் இருந்ததே அவர்கள் இருவர்தான்.

வெள்ளிக்கிழமை இருவருக்கும் வார விடுமுறை. காலையில் சின்னவர் குளிக்கப் போனார். போனால் அரை மணி நேரம் பாடிக்கொண்டே குளிப்பார். கூடத்து மேசையில் அவருடைய புது டிரம்பெட் பெட்டி திறந்தபடி கிடந்தது. பெரியவர் அந்தப் பக்கமாக நாலு தடவை நடந்தார். ஐந்தாவது தடவை நின்றார். ஒரே ஒரு ஸ்வரம், அது எப்படிப் பேசுகிறது என்று மட்டும் பார்க்கலாம் என்று தன் மவுத்பீஸை எடுத்துச் செருகினார்.

கார்னெட் என்பது டிரம்பெட்டுக்குக் கொஞ்சம் குள்ளமான அண்ணன். அதன் மவுத்பீஸுக்கு வால் ஒல்லி. டிரம்பெட்டில் விட்டால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் உள்ளே போகும். இது பெரியவருக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். மெதுவாக வைத்து ஊதிவிட்டு எடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரிய வேண்டுமே. கை பாட்டுக்கு ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. 'டொக்' வரவில்லை. 'நச்' என்றது.

இழுத்தார். வரவில்லை. திருகினார். வரவில்லை. சட்டை நுனியைச் சுற்றித் திருகினார், துண்டைச் சுற்றித் திருகினார், முழங்கால்களுக்கு நடுவே வைத்து மூச்சைப் பிடித்து இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம். குளியலறையில் பாட்டு நின்றது. பெரியவர் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கு ஓடி, கட்டில் விரிப்புக்குக் கீழே திணித்து, மேலே ஒரு தலையணையையும் வைத்தார். அன்றைக்கென்று பார்த்து மைத்துனி விரிப்பைத் துவைக்க எடுக்க வந்தாள்.

"மாமா, கொஞ்சம் நகருங்க."

"இந்த விரிப்பு சுத்தமாதான் இருக்கு. அப்புறம் துவைக்கலாம்."

"என்னைக்குமில்லாம விரிப்புல என்ன அக்கறை உங்களுக்கு?" என்றபடி அவள் ஒரு முனையைப் பிடித்து உருவினாள். வெயிலில் டிரம்பெட் பளிச்சென்று மின்னியது.

இரண்டே நிமிஷத்தில் வீடு கூடிவிட்டது. பெரியவரின் மனைவி சமையலறையிலிருந்து குறட்டோடு வந்தாள். "குடுங்க இப்படி, ஒரே திருகு" என்றாள்.

"ஐயோ, குறடு போடாத! குழாய் தாள் மாதிரி இருக்கும். முறுக்கினா பற்ற வெச்ச இடமெல்லாம் விட்டுரும்."

"இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் எதுக்கு இதைத் தொட்டீங்க? உங்க கையைக் கட்டிப்போடத்தான் ஆள் வைக்கணும்."

தலையில் துண்டோடு சின்னவர் வந்து நின்றார். பெரியவர் தரையைப் பார்த்தார். அவர் திட்டுவார், கத்துவார், குறைந்தது முகத்தையாவது தூக்கி வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். அப்படி நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சின்னவர் டிரம்பெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊதிப் பாக்கணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே. சரி விடுங்க. வெந்நீர் ஊத்திப் பாக்கலாமா?"

ஐஸ்கட்டியை உடைத்து மவுத்பீஸின் கிண்ணத்துக்குள் போட்டார்கள். உள்ளே இருப்பது சுருங்க வேண்டும், வெளியே இருப்பது விரிய வேண்டும் என்று குழாயைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைக் கட்டினார்கள். ஒரு மரக்கரண்டியால் சுற்றிலும் மெல்லத் தட்டினார்கள். தையல் மெஷின் எண்ணெயை விட்டார்கள். அக்கா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் பிடித்து இழுத்து, தங்கை போய்ச் சோபாவில் விழுந்தாள். மவுத்பீஸ் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த மரக்கரண்டித் தட்டலுக்கு நடுவில்தான் பெரியவருக்கு ஞாபகம் வந்தது. புல்லர்! மாட்டிக்கொண்ட மவுத்பீஸை உருவுவதற்கென்றே செய்த சின்ன இரும்புக் கருவி. டிப்போவில் பேண்ட் அறை அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் பெரிய குழல் ஊதும் டியூபாக்காரருக்கு மாட்டிக்கொண்டபோது பெரியவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அலமாரிக்குப் பொறுப்பு யார்? அவர்தான். சாவி எங்கே? அவருடைய சட்டைப் பையில்.

சொல்வதற்காக வாயைத் திறந்தே விட்டார். அதற்குள் சின்னவர் பேசிவிட்டார்.

"இது வரலைன்னாதான் என்னண்ணே? உங்க மவுத்பீஸ், என் டிரம்பெட். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இதுலயே வாசிச்சிடலாம். மாஸ்டர் என்ன வேண்டாம்னா சொல்லப் போறாரு? என் மவுத்பீஸ் உங்க கார்னெட்டுல போகாது, வால் தடிமன். இதுதான் வழி."

பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஏன் என்றால், அந்த மவுத்பீஸில் ஒரு சங்கதி இருந்தது. போன வருஷம் டயர் கழற்றும் கம்பி எகிறி வந்து அவருடைய முன்பல்லை உடைத்தது. பல் டாக்டர் ஒன்று வைத்துக் கட்டினார். பார்க்கக் குறையில்லை, ஆனால் ஒரு நூலளவு முன்னே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த மவுத்பீஸை வைத்தாலும் உதட்டில் உட்காரவில்லை. காற்றுத்தான் சீறியது. 'உதடு போனால் ஆள் போச்சு' என்பது பேண்ட் மாஸ்டரின் பேச்சு. பெரியவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. டிப்போவின் சாணைக் கல்லில், மதிய இடைவேளைகளில், தன் மவுத்பீஸின் விளிம்பை இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, உதட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒரு மாதம் ஆயிற்று. இப்போது அது அவர் வாய்க்கு அச்சாகப் பொருந்தும். உலகத்தில் வேறு எந்த வாய்க்கும் பொருந்தாது.

ஆக, அதில் பெரியவர் வாசிக்கலாம். சின்னவரால் முடியாது. இந்தக் கணக்கை அவர் உட்கார்ந்து போடவில்லை, அது தானாகவே போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"நம்ம பேண்டுல இதுக்கு ஏதாவது கருவி கிருவி இருக்குமாண்ணே?" என்று கேட்டார் சின்னவர்.

"நம்ம பேண்டுலயா? எங்க இருக்கு? ரிப்பேர் கடையிலதான் இருக்கும். வெள்ளிக்கிழமை கடை பூட்டு" என்றார் பெரியவர். நாக்கு கூசாமல் அவ்வளவு சரளமாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் காதில் சூடு ஏறியது.

சின்னவர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

அதற்கப்புறம் பெரியவருக்கு இருப்பு கொள்ளவில்லை. மேலே சின்னவர் பழக ஆரம்பித்தார். கீழ் ஸ்வரங்கள் எப்படியோ வந்தன. நடுவில் புஸ்ஸென்று காற்று. மேலே போனால் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி புஸ். அழுத்திப் பிடித்து ஊதுகிறார் என்று பெரியவருக்குக் கேட்டே தெரிந்தது. அப்படி அழுத்தினால் உதடு என்னத்துக்கு ஆகும்? கூடத்திலிருந்து வாசலுக்கு நடந்தார். வாசலிலிருந்து கொல்லைக்கு நடந்தார். செய்தித்தாளை எடுத்தார், ஒரே வரியை எட்டுத் தடவை படித்தார், வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாவி இருக்கிற சட்டையை ஆணியில் விடுவதா என்று மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

'அவன் சின்னவன்தானே, இன்னும் இருபது வருஷம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?' என்று ஒரு பக்கம் மனசு வாதாடியது. 'பத்தொன்பது வருஷம் காத்தவனுக்கு ஒரு நாள் அதிர்ஷ்டம் அடிக்கக் கூடாதா? நானா திட்டம் போட்டேன்? தானா மாட்டிக்கிச்சு.' இன்னொரு பக்கம் ஒன்றும் பேசவில்லை. அது சும்மா சாவியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சின்னவரின் மேலுதட்டில் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. சூடான குழம்பு பட்டதும் அவர் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சிக்கொண்டார். அவர் மனைவி பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. அண்ணனோட மவுத்பீஸ் கொஞ்சம் முரண்டு பண்ணுது. பழகிரும்."

பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவர் மனைவி தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலைலேர்ந்து பாக்கறேன், குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தி வரீங்க. அவரோட சாமானைப் பாழ் பண்ணிட்டோம்னு உறுத்துதா? அவரே ஒண்ணும் சொல்லலையே, சாப்பிடுங்க."

அவரே ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் பெரியவரை உறுத்தியது.

இரண்டு மணி பஸ்ஸில் கிளம்பினார்கள். பெரியவரின் மடியில் கார்னெட் பெட்டி, மவுத்பீஸ் இல்லாமல். சின்னவரின் மடியில் டிரம்பெட் பெட்டி. மவுத்பீஸ் துருத்திக்கொண்டிருந்ததால் மூடி சரியாக மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டி வாயைப் பிளந்து மூடியது.

பேண்ட் அறை டிப்போ கேன்டீனுக்கு மேலே. நீளமான அறை, மடக்கு நாற்காலிகள், ஒரு மூலையில் பெரிய மேளம், சுவரோரமாகப் பச்சை பெயின்ட் அடித்த இரும்பு அலமாரி. உள் அறையில் பேண்ட் மாஸ்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "மூணு மணிக்குக் கூப்பிடறேன், சின்னவன் முதல்ல" என்று குரல் மட்டும் வந்தது.

சின்னவர் பெட்டியைத் திறந்தார். அலமாரியைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஏதாவது இருக்காண்ணே? எண்ணெய், கிண்ணெய்... ஏதாவது? கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கலாமே."

"எல்லாம் தீர்ந்து போச்சு. வெறும் நோட்டு ஸ்டாண்டுதான் கெடக்கு."

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடக் கஷ்டமாக வந்தது. சின்னவர் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாசிக்க ஆரம்பித்தார்.

கேட்கச் சகிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் இந்த மனிதர் இவ்வளவு மோசமாக வாசித்துப் பெரியவர் கேட்டதில்லை. மேல் ஸ்வரத்துக்கு மூன்று தடவை போனார், மூன்று தடவையும் பாதியில் கிழிந்தது. நான்காவது தடவை போகவே இல்லை. டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றினார். கைக்குட்டையில் பொட்டளவு ரத்தம் இருந்தது.

"நீங்க முதல்ல போங்கண்ணே. என்னால முடியும்னு தோணல."

கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் கவுண்டரில் கூட்டம் அதிகம் என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். பெரியவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். மேல் தட்டில் துணிக்குள் இருந்த புல்லரை எடுத்துக்கொண்டு வந்து சின்னவர் முன்னால் மண்டியிட்டார்.

"இறுக்கிப் பிடிச்சுக்கோ."

உள்ளங்கை அகலமே இருந்த கருவி. இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றை விலக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகாணி. ஒரு தட்டு குழாயின் வாயோரம் அண்டிக்கொள்ளும், மற்றது மவுத்பீஸின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர் இடது ஆணியை அரைச் சுற்று திருகினார், வலது ஆணியை அரைச் சுற்று. மறுபடி இடது, மறுபடி வலது. ஒரு பக்கம் கூடிவிட்டால் குழாய் கோணிக்கொள்ளும். அவர் விரல்கள் கணக்குத் தவறவில்லை.

'டொக்.'

மவுத்பீஸ் அவர் கையில் விழுந்தது. காலை எட்டேகாலிலிருந்து ஒரு வீட்டையே ஆட்டி வைத்த சாமான் கழன்று வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சின்னவர் அலமாரியைப் பார்த்தார், புல்லரைப் பார்த்தார், பூட்டில் தொங்கிய சாவியைப் பார்த்தார். "தேங்க்ஸ்ணே" என்றார். அவ்வளவுதான். தன் மவுத்பீஸை எடுத்து டிரம்பெட்டில் மெதுவாக வைத்து, உள் அறைக்குப் போனார்.

பெரியவர் வெளியே நின்று கேட்டார். ஆரம்பம் நன்றாக இருந்தது. நன்றாக என்ன, பிரமாதமாக இருந்தது. வழுக்கிக்கொண்டு போகிற வாசிப்பு. 'ஜெயிச்சுட்டுப் போகட்டும்' என்று பெரியவர் நினைத்தார், நிஜமாகவே நினைத்தார். எழுந்து நின்று வாசிக்கும் அந்தத் தனி இடம் வந்தது. மேலே ஏற வேண்டும். சின்னவர் ஏறினார். உச்சியில் ஸ்வரம் ஒரு கணம் நின்றது, பிறகு கீறல் விழுந்து விட்டுப்போனது. தேய்த்த விளிம்பில் நாள் முழுக்க நசுங்கிய உதடு, அதற்கு மேல் தாங்கவில்லை.

பிறகு பெரியவர் போனார். கார்னெட்டில் மவுத்பீஸை வைத்தார். தட்டவில்லை. மனசில் ஒரு ஆசையும் மிச்சமில்லாத நிலையில் வாசித்தார். அதனாலோ என்னவோ பத்தொன்பது வருஷத்தில் வராத வாசிப்பு வந்தது. உச்சி ஸ்வரம் மணி மாதிரி கணீரென்று விழுந்தது.

பேண்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதில யோசிக்க என்ன இருக்கு? தம்பிக்கு உதடு இன்னும் பழகணும். நாளன்னைக்கு பூங்காவுல நீ எழுந்து நில்லு."

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. சின்னவர் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லவாண்ணே? அண்ணி சந்தோஷப்படுவாங்க."

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"சாவி காலைலேர்ந்து என் பையிலதான் இருந்துச்சு. மறந்து போகல. நீ கேட்டப்பவே எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

சின்னவர் சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"போன மாசம் ஸ்டாண்டு எடுத்துட்டு வரச் சொல்லி நீங்கதானே சாவியைக் குடுத்தீங்க. மேல் தட்டுல துணிக்குள்ள அதைப் பார்த்தேன். இது என்னன்னு டியூபாக்காரரைக் கேட்டேன், அவர் சொன்னாரு."

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சா ஏன்யா கேக்கல?"

"கேட்டேனே. ரெண்டு தடவை கேட்டேன்."

"அப்படியா கேப்பாங்க? சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கணும்யா!"

"கேட்டிருந்தா நீங்க பொய் சொன்னது வெளிய வந்திருக்கும். அப்புறம் ஒரே வீட்டுல எப்படிண்ணே உட்கார்ந்து சாப்பிடறது? அக்காவும் தங்கச்சியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எப்படிப் பாப்பாங்க? நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

சின்னவர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதுலயே போய் வாசிச்சிருப்பேன்."

பஸ் வந்து நின்றது. பெரியவர் ஏறவில்லை. கார்னெட் பெட்டியைச் சின்னவர் கையில் திணித்துவிட்டு, மவுத்பீஸை மட்டும் எடுத்துக்கொண்டு டிப்போவுக்குள் திரும்பி ஓடினார். நாற்பத்தெட்டு வயசுத் தொப்பையோடு கேன்டீன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். பேண்ட் மாஸ்டர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் உங்க உதட்டுல வெச்சு ஊதுங்க."

"என்னய்யா இது?"

"ஊதுங்க சார்."

மாஸ்டர் ஊதினார். காற்று சீறியது. விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பல்லைச் சொன்னார், சாணைக் கல்லைச் சொன்னார், சாவியைச் சொன்னார், பொட்டு ரத்தத்தைச் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

"எத்தனை நாளா இந்தப் பல்லோட ஓட்டிட்டிருக்கே?"

"ஒரு வருஷமா சார்."

"அடப்பாவி" என்றார் மாஸ்டர். பல்லுக்காகச் சொன்னாரா, சாவிக்காகச் சொன்னாரா தெரியவில்லை. பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. மறுபடி கேக்கறேன். அவன் ஜெயிச்சா நீ உட்காரணும். அப்புறம் வந்து மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

"தூக்க மாட்டேன் சார்."

கீழே வந்தபோது சின்னவர் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நிறுத்தத்திலேயே நின்றார். பஸ்ஸை விட்டிருக்கிறார். பெரியவர் சாவி வளையத்திலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றினார். நகம் மடங்கி வலித்தது. அதைச் சின்னவரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"எதுக்குண்ணே இது?"

"இனிமே அலமாரிக்கு நீதான். ஞாயிற்றுக்கிழமை காலைல மறுபடி கேக்கறாராம், உதட்டுல ஏதாவது தடவு. அதுவரைக்கும் ஊதாத."

அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. ஏறினார்கள். உள்ளே ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது.

"உட்காருங்கண்ணே."

பெரியவர் சின்னவரின் தோளைப் பிடித்து அழுத்தி அங்கே உட்கார வைத்தார். பிறகு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.